தோல் புற்றுநோயும் எம்ஆர்என்ஏ கட்டுப்பாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் உயிர்வேதியியல் பாடம் எடுக்கிறேன். வகுப்பறை, வாட்ஸ்அப், கல்யாணப் பந்தி என்று எங்கே போனாலும் இந்த விஷயத்தில் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். எளிதானவை முதலில் வரும், போகப்போகச் சிக்கலானவை. இதைப் படித்துவிட்டு யாரும் சுயவைத்தியத்தில் இறங்க வேண்டாம். தோலில் சந்தேகமான மாற்றம் தெரிந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

1. எம்ஆர்என்ஏன்னா கொரோனா ஊசியில போட்டாங்களே, அதுதானே?

அந்த ஊசியால்தான் பெயர் ஊரெல்லாம் பரவியது. ஆனால் சரக்கு பழையது. உங்கள் தோலில் இருக்கும் ஒரே ஒரு செல்லில்கூட இந்த நிமிடம் லட்சக்கணக்கில் எம்ஆர்என்ஏ மூலக்கூறுகள் இருக்கின்றன. இன்னொன்று: தமிழ்நாட்டில் பெரும்பாலானோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டும் கோவாக்சினும் எம்ஆர்என்ஏ வகையே அல்ல. இலங்கையில் பலர் போட்ட ஃபைசர், மாடர்னா ஊசிகள்தான் அந்த வகை.

டிஎன்ஏ என்பது லாக்கரில் பூட்டி வைத்திருக்கும் மூலப் பத்திரம். அதை யாரும் வெளியே எடுத்துக்கொண்டு அலைவதில்லை. வேலைக்குத் தேவையான பக்கத்தை மட்டும் நகல் எடுத்து வெளியே அனுப்புவார்கள். அந்த நகல்தான் எம்ஆர்என்ஏ. உட்கருவை விட்டு வெளியே வந்த நகலை ரைபோசோம் படித்துப் புரதம் செய்யும். வேலை முடிந்ததும் நகல் கிழிக்கப்படும்.

2. மரபணு கெட்டாத்தானே கேன்சர்? நகலைப் பத்தி எதுக்கு இவ்வளவு பேச்சு?

பாதி சரி. மரபணுவில் மாற்றம் இல்லாமல் புற்றுநோய் வருவது அரிது. ஆனால் மாறிய மரபணு என்ன செய்யப்போகிறது என்பதை நகல்தான் தீர்மானிக்கிறது. மனிதனுக்குப் புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000. தோல் செல்லிலும் மூளைச் செல்லிலும் இருப்பது அதே தொகுதிதான். எதை எவ்வளவு நகல் எடுப்பது என்பதில்தான் ஒன்று தோலாகவும் இன்னொன்று மூளையாகவும் ஆகிறது.

செல்லுக்கு இதில் நாலு இடங்களில் பிடி இருக்கிறது. எத்தனை நகல் எடுப்பது, எடுத்த நகலை எப்படி வெட்டி ஒட்டுவது, எவ்வளவு நேரம் உயிரோடு விட்டுவைப்பது, ரைபோசோம் அதை எவ்வளவு மும்முரமாகப் படிப்பது. மூன்றாவதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். செல்லைப் பிரியச் சொல்லும் மைக் என்ற மரபணுவின் எம்ஆர்என்ஏ அரை மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். இரத்தச் சிவப்பணுவின் குளோபின் எம்ஆர்என்ஏ ஒரு நாளுக்கு மேல் தாங்கும். மைக் நகலுக்கு ஆயுள் கூடினால், மரபணுவில் ஒரு எழுத்துகூட (டிஎன்ஏ ஏ, சி, ஜி, டி என்ற நாலு ரசாயன எழுத்துகளால் ஆனது; நகலில் டிக்குப் பதில் யு வரும்) மாறாமலேயே அந்தப் புரதம் செல்லில் குவியும். தோல் புற்றுநோயில் இந்த நாலு பிடிகளுமே நழுவுவதைப் பார்த்திருக்கிறார்கள். கீழே வரும் பதில்களில் ஒவ்வொன்றாக வரும்.

3. தோல் புற்றுநோய்னா எல்லாம் ஒண்ணுதானா?

இல்லை. முக்கியமானவை மூன்று. தோலின் அடியடுக்குச் செல்களை ஒத்த பேசல் செல் புற்றுநோய் மெதுவாக வளரும், பரவுவது அபூர்வம். மேல்தோலின் பெரும்பகுதியான கெரட்டினோசைட் செல்களில் வரும் ஸ்குவாமஸ் செல் புற்றுநோய் சில சமயம் பரவும். மெலனின் நிறமி செய்யும் மெலனோசைட்டுகளில் வருவது மெலனோமா. மூன்றில் எண்ணிக்கை குறைவு, ஆபத்து அதிகம். ஆராய்ச்சிகளில் பெரும்பங்கு மெலனோமாவைப் பற்றியது என்பதால் இங்கேயும் அதன் பேச்சுதான் அதிகம் வரும்.

4. நம்ம கருப்புத் தோலுக்கு இதெல்லாம் வராதுல்ல மேடம்?

வெயிலால் வரும் வகைகள் நமக்குக் குறைவு என்பது உண்மை. மெலனின் நல்ல குடை. ஆனால் மெலனோமாவில் வெயிலோடு பெரிதாகச் சம்பந்தமில்லாத ஒரு வகை உண்டு. அது உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடியில் வரும் ஏக்ரல் மெலனோமா. கருநிறத் தோலினரிடம் மெலனோமா வந்தால் அது இந்த வகையாக இருக்கும் வாய்ப்பு அதிகம். பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால் பெருவிரல் நகத்தடியில் கண்டுபிடித்தது இதைத்தான். 1981இல் 36 வயதில் இறந்தார். பந்து விளையாடியபோது பட்ட அடி என்றுதான் முதலில் நினைத்தார்கள். நம் ஊரிலும் ஆறாத கால் புண்ணை முள் குத்தியது, செருப்புக் கடி என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறோம்.

இந்தியாவுக்கே உரிய இன்னொரு சங்கதியும் இருக்கிறது. வேட்டியையோ பாவாடை நாடாவையோ பல பத்தாண்டுகள் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டுவதால் இடுப்பில் தோல் உரசி, கறுத்து, புண்ணாகி, கடைசியில் ஸ்குவாமஸ் செல் புற்றுநோயாக மாறிய சம்பவங்களை மருத்துவ இதழ்களில் பதிவுசெய்திருக்கிறார்கள். பழைய தீக்காயத் தழும்பில் வரும் புற்றுநோயும் இதே ரகம். ஆறாத அழற்சிக்கும் எம்ஆர்என்ஏவுக்கும் என்ன தொடர்பு என்பது அடுத்த பதிலில்.

5. வெயில் பட்டா தோல் கறுக்குதே, அதுல எம்ஆர்என்ஏக்கு என்ன வேலை?

தோல் கறுப்பதே ஓர் எம்ஆர்என்ஏ கதைதான். புற ஊதாக் கதிர் கெரட்டினோசைட்டின் டிஎன்ஏவைச் சேதப்படுத்துகிறது. உடனே பி53 என்ற காவல் புரதம் விழித்துக்கொண்டு, போம்சி என்ற மரபணுவை அதிகம் நகல் எடுக்க வைக்கிறது. அந்த நகலிலிருந்து வரும் புரதம் துண்டாகி எம்எஸ்ஹெச் ஹார்மோனாகிப் பக்கத்து மெலனோசைட்டைத் தட்டுகிறது. அங்கே மிட்ஃப் என்ற மரபணுவின் எம்ஆர்என்ஏ கூடுகிறது. மிட்ஃப் புரதம் போய் நிறமி செய்யும் மரபணுக்களைத் திறந்துவிடுகிறது. பி53க்கும் கறுப்புக்கும் உள்ள இந்தத் தொடர்பை 2007இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இத்தனை நகலும் புரதமும் தயாராக நேரம் பிடிப்பதால்தான் ஞாயிற்றுக்கிழமை மேட்ச் ஆடியவனின் முகம் செவ்வாய்க்கிழமை கறுப்பாகத் தெரிகிறது.

இது பாதுகாப்பு. அதே வெயில் கெடுதலும் செய்கிறது. காக்ஸ்-2 என்ற அழற்சி நொதியின் எம்ஆர்என்ஏ வாலில் ஏ, யு எழுத்துகள் செறிந்த ஒரு பகுதி உண்டு; ‘என்னைச் சீக்கிரம் அழி’ என்ற குறி அது. புற ஊதாக் கதிர் பட்டதும் ஹெச்யுஆர் போன்ற புரதங்கள் அந்த வாலில் உட்கார்ந்துகொண்டு அழிய விடாமல் காக்கின்றன. நகலின் ஆயுள் கூடுகிறது, அழற்சிப் பொருள்கள் கூடுகின்றன. ஒரு நாள் என்றால் தோல் சிவந்து ஆறிவிடும். வருடக்கணக்கில் நடந்தால், சேதமான செல்களைப் பிரியத் தூண்டும் சூழல் அங்கேயே நிலைத்துவிடுகிறது. ஸ்குவாமஸ் செல் புற்றுநோய்த் திசுவில் காக்ஸ்-2 கூடியிருப்பது பலமுறை உறுதியான விஷயம்.

6. புரதம் கொஞ்சம்கூட மாறாம கேன்சர் வருமா? வகுப்புல இதைக் கேட்டா சிரிக்கிறாங்க.

சிரிக்க வேண்டியதில்லை, நல்ல கேள்வி. 2013இல் சயன்ஸ் இதழில் ஒரே சமயத்தில் வந்த இரண்டு கட்டுரைகள் இதைத்தான் காட்டின. டெர்ட் என்ற மரபணு டெலோமியரேஸ் நொதியைச் செய்கிறது. செல் ஓயாமல் பிரிய வேண்டுமானால் குரோமோசோம் நுனிகள் தேயாமல் இருக்க வேண்டும். அதற்கு இந்த நொதி வேண்டும். வளர்ந்த செல்கள் பெரும்பாலானவற்றில் டெர்ட் மூடியே கிடக்கும்.

மெலனோமாக்களில் சுமார் 70 சதவீதத்தில் இந்த மரபணுவுக்கு முன்னால் இருக்கும் ஊக்கிப் பகுதியில் ஒரு சி எழுத்து டி ஆகியிருந்தது. ஊக்கிப் பகுதி புரதத்துக்குள் வருவதே இல்லை. ஆனால் அந்த ஓர் எழுத்து மாறியதும் ஈடிஎஸ் குடும்பப் புரதங்கள் வந்து உட்காரப் புதிதாக ஓர் இடம் கிடைத்துவிடுகிறது, டெர்ட் எம்ஆர்என்ஏ கூடிவிடுகிறது. நொதி அசல் நொதிதான், அளவுதான் தவறு. சி எழுத்து டி ஆவது புற ஊதாக் கதிர் விட்டுச்செல்லும் வழக்கமான தடயம் என்பதையும் கவனியுங்கள். புரதப் பகுதியை மட்டும் பல வருடம் வாசித்துக்கொண்டிருந்ததால்தான் இவ்வளவு பரவலான மாற்றம் 2013 வரை கண்ணில் படவில்லை என்பது என் எண்ணம்.

7. எங்க மாமா குடும்பத்துல மூணு பேருக்கு மெலனோமா. ஜீன் டெஸ்ட்ல "புரதப் பகுதி நார்மல்"னு வந்துருக்கு. அப்போ பரம்பரை இல்லைன்னு விட்டுடலாமா?

விடக்கூடாது. லண்டனிலிருந்து ஒருவர் கேட்ட கேள்வி இது. பரம்பரை மெலனோமாவில் முதலில் தேடப்படும் மரபணு சிடிகேஎன்2ஏ. செல் பிரிவதற்கு பிரேக் போடும் பி16 புரதம் இதிலிருந்து வருகிறது. 1999இல் கனடாக் குடும்பங்கள் சிலவற்றில் ஒரு வினோதமான மாற்றம் தெரிந்தது. புரதம் தொடங்கும் இடத்துக்கு 34 எழுத்து முன்னால் ஒரு ஜி, டி ஆகியிருந்தது. நகலில் டிக்குப் பதில் யு வருவதால் அந்த இடம் ஏயுஜி என்று வாசிக்கும். ரைபோசோமுக்கு ‘இங்கே தொடங்கு’ என்று பொருள். ரைபோசோம் அங்கேயே தொடங்கி, எழுத்துகளை மும்மூன்றாகப் பிரிப்பதில் தடம் மாறி, எதையோ படித்துவிட்டுப் போகிறது. உண்மையான பி16 போதுமான அளவு வருவதில்லை.

இங்கிலாந்துக் குடும்பங்களில் இன்னொரு வகை. இதே மரபணுவின் இன்ட்ரான் ஒன்றின் உள்ளே, அதாவது நகலிலிருந்து வெட்டி எறியப்பட வேண்டிய பகுதியில், ஓர் எழுத்து மாறி பொய்யான வெட்டுமுனை ஒன்று உருவாகியிருந்தது. வெட்டி ஒட்டும் இயந்திரம் ஏமாந்து வேண்டாத துண்டையும் சேர்த்து ஒட்டிவிடுகிறது. இரண்டுமே புரதப் பகுதியை மட்டும் பார்க்கும் பரிசோதனையில் சிக்காது. அதனால் மரபியல் ஆலோசகரிடம் "முன்பகுதியையும் இன்ட்ரானையும் பார்த்தீர்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள். குடும்பத்தில் மூன்று பேர் என்றால் ரிப்போர்ட் எப்படி வந்தாலும் மற்றவர்கள் வருடா வருடம் தோலைக் காட்டுவது நல்லது.

8. 2024ல மைக்ரோ ஆர்என்ஏவுக்கு நோபல் குடுத்தாங்களே, அது தோலுக்கும் பொருந்துமா?

நன்றாகவே பொருந்தும். விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ரவ்குனும் 1993இல் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் கண்டுபிடித்த சங்கதி அது. மைக்ரோ ஆர்என்ஏ சுமார் 22 எழுத்துகள்தான். எந்தப் புரதமும் செய்யாது. தனக்குப் பொருத்தமான எழுத்துகள் உள்ள எம்ஆர்என்ஏவின் வாலில் ஒட்டிக்கொண்டு அதைப் படிக்க விடாமல் செய்யும் அல்லது சிதைத்துவிடும். ஒரு மைக்ரோ ஆர்என்ஏ நூற்றுக்கணக்கான எம்ஆர்என்ஏக்களை இப்படிக் கொஞ்சம் கொஞ்சம் அடக்கலாம்.

தோலில் தெளிவான உதாரணம் மைக்ரோ ஆர்என்ஏ-203. அடியடுக்கில் இருக்கும் கெரட்டினோசைட் பிரிந்துகொண்டே இருக்கும். மேலே ஏற ஏறப் பிரிவதை நிறுத்தி முதிர வேண்டும். நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் எலெய்ன் ஃபக்ஸின் குழு 2008இல் எலித்தோலில் இதைப் பார்த்தது. மேலே ஏறும் செல்லில் 203 கூடுகிறது, பி63 என்ற புரதத்தின் எம்ஆர்என்ஏவை அடக்குகிறது, பிரியும் வேகம் நிற்கிறது. ஸ்குவாமஸ் செல் புற்றுநோயில் 203 குறைந்துகிடக்கிறது; செல் மேலே போயும் இளமை விடாமல் பிரிகிறது. இதற்கு எதிரானது மைக்ரோ ஆர்என்ஏ-21. அது அடக்குவது பிடென் போன்ற தடுப்புப் புரதங்களின் எம்ஆர்என்ஏவை. அது கூடினால் தடுப்பு குறையும்.

9. மைக்ரோ ஆர்என்ஏ-211 மெலனோமாவைத் தடுக்குதுன்னு ஒரு பேப்பர், பரப்புதுன்னு ஒரு பேப்பர். எதை நம்புறது?

இரண்டையும். முதுகலை மாணவர்களைக் குழப்பும் கேள்வி இது. டிஆர்பிஎம்1 என்ற மரபணுவின் இன்ட்ரானுக்குள் 211 ஒளிந்திருக்கிறது; மிட்ஃப் (5ஆவது பதில்) அந்த மரபணுவைத் திறக்கும்போது இதுவும் சேர்ந்து வருகிறது. முற்றிய மெலனோமாவில் டிஆர்பிஎம்1 குறைவதைப் பார்த்து, அந்தப் புரதம்தான் தடுப்பு வேலை செய்கிறது என்று நெடுநாள் நினைத்தார்கள். 2010இல் கார்மிட் லெவி முதலானோர், செல் ஊடுருவலைத் தடுப்பது புரதம் அல்ல, உள்ளே ஒளிந்திருக்கும் 211தான் என்று காட்டினார்கள். வெட்டி எறியும் துண்டு என்று யாரும் திரும்பிப் பார்க்காத இடத்திலிருந்து வேலைக்காரன் வந்தான்!

அதே லெவி 2016இல் டெல் அவீவில் வேறொன்றைக் காட்டினார். மெலனோமா செல்கள் தோலின் மேலடுக்கில் இருக்கும்போதே மெலனோசோம் என்ற நிறமிப் பைகளில் 211ஐ ஏற்றிக் கீழே இருக்கும் நார்ச்செல்களுக்கு அனுப்புகின்றன. அங்கே அது வேறு எம்ஆர்என்ஏக்களை அடக்கி, புற்றுநோய் இறங்கி வருவதற்கு ஏற்ற மண்ணாக நார்ச்செல்லை மாற்றுகிறது. மூலக்கூறு ஒன்றுதான். மெலனோமா செல்லுக்குள் இருந்தால் ஒரு விளைவு, நார்ச்செல்லுக்குள் போனால் வேறு விளைவு. காரணம், இரண்டு செல்களிலும் இருக்கும் எம்ஆர்என்ஏ பட்டியல் வேறு. எந்தச் செல், எந்தக் கட்டம் என்று சொல்லாமல் ‘இது நல்ல மைக்ரோ ஆர்என்ஏ’ என்று எழுதும் கட்டுரையைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

10. அப்பாவுக்கு பிராஃப் மாத்திரை குடுத்தாங்க. கட்டி கரைஞ்சே போச்சு. சில மாசத்துல திரும்ப வந்துடுச்சு. மரபணு மறுபடியும் மாறிடுச்சா?

மாறியிருக்கலாம், மாறாமலும் இருக்கலாம். முதலில் பின்னணி. மெலனோமாக்களில் ஏறக்குறைய பாதியில் பிராஃப் மரபணு மாறியிருக்கும் என்பது 2002இல் தெரிந்தது. பெரும்பாலும் 600ஆவது இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் குளுட்டாமிக் அமிலம் வரும் வி600இ மாற்றம்தான். அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் வெமுராஃபெனிப் மாத்திரைக்கு 2011இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கட்டி சுருங்கும் வேகத்தைப் பார்த்து மருத்துவர்களே அசந்துபோனார்கள். ஆனால் இந்த மாத்திரையை மட்டும் எடுத்த பலருக்கு ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியது.

2011இலேயே ஒரு காரணம் பிடிபட்டது. திரும்பிய கட்டிகளை ஆராய்ந்தபோது 19 நோயாளிகளில் 6 பேரிடம் பிராஃப் எம்ஆர்என்ஏ வேறு மாதிரி வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. ஒரு வடிவத்தில் 4 முதல் 8 வரையான எக்ஸான்களே (வெட்டிய பிறகு நகலில் மிஞ்ச வேண்டிய துண்டுகள்) காணோம். அந்தக் குட்டைப் புரதம் ராஸ் என்ற மேலதிகாரி இல்லாமலேயே ஜோடி சேர்ந்துகொள்கிறது. ஜோடியாக இருக்கும் பிராஃப்பை அந்த மாத்திரையால் சரியாக அடக்க முடிவதில்லை. வி600இ மாற்றம் அப்படியேதான் இருந்தது. மாறியது நகலின் வெட்டு.

இன்னொரு வழி படிக்கும் கட்டத்தில். எம்ஆர்என்ஏவின் முனையைப் பிடித்து ரைபோசோமிடம் சேர்க்கும் இஐஎஃப்4எஃப் என்ற கூட்டமைப்பு உண்டு. மருந்து வேலை செய்யும் செல்களில் அது பிரிந்துவிடுகிறது. மருந்துக்கு மசியாத செல்களில் பிரியாமல் நிற்கிறது. பிரான்சில் கரோலின் ராபர்ட் குழு 2014இல் இதை வெளியிட்டது. எதிர்ப்புக்கு வழிகள் பல, ஆனால் பல வழிகளும் வந்து சேரும் சந்தி இது என்பது அவர்கள் வாதம். இப்போது பிராஃப் மருந்தோடு, பிராஃப்புக்கு அடுத்த கண்ணியான மெக் புரதத்தைத் தடுக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். எதிர்ப்பு தள்ளிப்போகிறது, முழுக்க ஒழியவில்லை. அப்பாவுக்கு எந்த வழியில் திரும்பியது என்பதைப் புதிய திசுப் பரிசோதனை இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. அடுத்த கட்டமாக, உடலின் நோயெதிர்ப்பையே கட்டிமேல் ஏவும் இம்யூனோதெரபி பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

11. எம்ஆர்என்ஏ மேல ரசாயனக் குறி போடுறாங்களாமே, அது என்ன புதுக் கதை?

எம்ஆர்என்ஏவில் சில ஏ எழுத்துகளின் மேல் ஒரு மெத்தில் தொகுதி ஒட்டியிருக்கும். 1970களிலேயே தெரியும், அதை எழுதும், அழிக்கும், படிக்கும் புரதங்கள் பின்னால்தான் பிடிபட்டன. குறி இருந்தால் பல எம்ஆர்என்ஏக்கள் சீக்கிரம் சிதைக்கப்படும். அழிக்கும் நொதிகளில் ஒன்று எஃப்டிஓ. 2019இல் வந்த ஆய்வில் மெலனோமாவில் அது கூடியிருந்தது. குறியை அழித்து, புற்றுநோய்க்கு வேண்டிய எம்ஆர்என்ஏக்கள் சிதையாமல் காப்பாற்றியது. எலிகளில் எஃப்டிஓவைக் குறைத்தபோது இம்யூனோதெரபி இன்னும் நன்றாக வேலை செய்தது. எலி ஆய்வு என்பதால் இப்போதைக்கு இவ்வளவு போதும்.

12. அப்போ கெட்ட எம்ஆர்என்ஏவையே அழிக்கிற மருந்து போட்டா முடிஞ்சுதே?

முயன்று பார்த்தார்கள். செல் சாவதைத் தடுக்கும் பிசிஎல்2 எம்ஆர்என்ஏவோடு ஒட்டி அதை அழிக்கும் ஆப்ளிமெர்சன் என்ற மருந்தை, கீமோதெரபியோடு சேர்த்து 771 மெலனோமா நோயாளிகளிடம் சோதித்தார்கள். கட்டி சுருங்கியவர்கள் சற்று அதிகம். ஆனால் ஆயுள் உறுதியாகக் கூடியது என்று நிறுவ முடியவில்லை. மருந்துக்கு அனுமதி கிடைக்கவில்லை.

குறைந்துபோன மைக்ரோ ஆர்என்ஏவைத் திருப்பிக் கொடுக்கும் முயற்சியும் நடந்தது. மைக்ரோ ஆர்என்ஏ-34ஏயின் நகலைக் கொழுப்புத் துளிகளில் அடைத்துக் கொடுத்த முதல்கட்டச் சோதனையில் மெலனோமா நோயாளிகளும் இருந்தார்கள். நோயெதிர்ப்பு சார்ந்த கடுமையான பக்கவிளைவுகளால் 2016இல் நிறுத்திவிட்டார்கள். 8ஆவது பதிலில் சொன்னதுதான் இங்கே வினையாகிறது: ஒரு மைக்ரோ ஆர்என்ஏ நூற்றுக்கணக்கான நகல்களைத் தொடும். கட்டிக்கு மட்டும் போய்ச் சேரும்படி கொடுப்பதும் பெரும்பாடு.

13. எம்ஆர்என்ஏ கூடினா கேன்சர்னு சொல்றீங்க. அப்போ எம்ஆர்என்ஏ ஊசி போட்டா தோல் புற்றுநோய் வருமா அக்கா?

வராது. மேலே சொன்னதெல்லாம் நம் சொந்த மரபணுக்களின் எம்ஆர்என்ஏ பற்றியது. கொரோனா ஊசியில் இருப்பது வைரஸின் ஒரு புரதத்துக்கான நகல். அது உட்கருவுக்குள் போவதில்லை, டிஎன்ஏவைத் தொடுவதில்லை, கொஞ்ச நாளில் சிதைந்துவிடும். டெர்ட்டையோ பிராஃப்பையோ அது கூட்டுவதற்கு வழியே இல்லை. இந்த வாட்ஸ்அப் ஃபார்வர்டு எனக்கே பலமுறை வந்திருக்கிறது; ஒவ்வொரு முறையும் வேறு வேறு ‘டாக்டர்’ பெயரில்.

14. மெலனோமாவுக்கே எம்ஆர்என்ஏ தடுப்பூசி வந்துடுச்சுன்னு நியூஸ்ல பார்த்தேன். நிஜமா?

சோதனையில் இருக்கிறது. இது நோய் வராமல் தடுப்பதற்கு அல்ல; கட்டியை அறுவைசிகிச்சையில் எடுத்த பிறகு திரும்பி வராமல் தடுப்பதற்கு. நோயாளியின் கட்டியில் மட்டும் இருக்கும் மாற்றங்களைப் படித்து, அதிகபட்சம் 34 மாற்றங்களை ஓர் எம்ஆர்என்ஏவில் எழுதி, அவருக்கென்றே தயாரிக்கிறார்கள். மாடர்னாவும் மெர்க்கும் சேர்ந்து 157 பேரிடம் நடத்திய இரண்டாம் கட்டச் சோதனையில், பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை மட்டும் பெற்றவர்களைவிட, அதோடு ஊசியும் பெற்றவர்களுக்கு நோய் திரும்பும் அல்லது இறக்கும் அபாயம் 44 சதவீதம் குறைந்தது. மூன்றாம் கட்டம் 2023இல் தொடங்கியது. இதில் எம்ஆர்என்ஏ வெறும் வாகனம்தான். இந்தப் பக்கத்தில் பேசும் கட்டுப்பாட்டை அது சரிசெய்வதில்லை. நோயெதிர்ப்புச் செல்களுக்கு அடையாளம் காட்டிக்கொடுக்கிறது.

15. மச்சத்துல டேப் ஒட்டி எடுத்தே கேன்சரான்னு பார்க்கலாமாமே? கத்தியே வேண்டாமா?

அமெரிக்காவில் அப்படி ஒரு பரிசோதனை புழக்கத்துக்கு வந்தது. பிசின் தடவிய ஒட்டுத்தாளை மச்சத்தின் மேல் ஒட்டி உரித்தால் மேல்தோல் செல்கள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றில் பிரேம் என்ற மரபணுவின் எம்ஆர்என்ஏவும், லிங்க்00518 என்ற, புரதம் செய்யாத நீள ஆர்என்ஏவும் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். இரண்டும் இல்லை என்றால் மெலனோமாவாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. எதையாவது கண்டால் கத்தி வேண்டும்தான். திசுப் பரிசோதனைதான் கடைசித் தீர்ப்பு.

நமக்கு இதில் ஒரு சிக்கல். உள்ளங்கை, உள்ளங்கால், நகம் ஆகிய இடங்களுக்கு இந்த ஒட்டுத்தாள் பொருந்தாது. 4ஆவது பதிலைத் திரும்பப் பாருங்கள்: கருநிறத் தோலினர் கவனிக்க வேண்டிய இடங்களே அவைதான். வெளிர்நிறத் தோலை மனதில் வைத்துச் செய்த கருவி நம் காலுக்கு உதவாது. பாதத்தில் வளரும் கரும்புள்ளி, நகத்தில் அகலமாகிக்கொண்டே போகும் கறுப்புக் கோடு என்றால் நேராகத் தோல் மருத்துவர்தான்.

16. மஞ்சள், கிரீன் டீ எல்லாம் மைக்ரோ ஆர்என்ஏவைச் சரிபண்ணுமாமே?

கண்ணாடித் தட்டில் வளரும் செல்களில் குர்குமினைக் கொட்டினால் பல மைக்ரோ ஆர்என்ஏக்கள் மாறத்தான் செய்கின்றன. ஆனால் வாயால் சாப்பிடும் குர்குமின் இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. தட்டில் கொட்டிய அளவு தோலுக்குப் போய்ச் சேராது. இரசத்தில் போடுங்கள், மருந்தாக நம்பாதீர்கள்.

சோதித்து நிரூபித்த ஒன்று வேண்டுமென்றால், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நாம்பூர் என்ற ஊரில் 1992இல் தொடங்கிய ஆய்வு இருக்கிறது. 1,621 பேரைச் சீட்டுக் குலுக்கிய மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைத் தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொன்னார்கள். மற்றவர்கள் தம் விருப்பம்போல் பூசிக்கொண்டார்கள். 2011இல் வந்த முடிவில் தினமும் பூசியவர்களில் 11 பேருக்கு மெலனோமா, மற்றவர்களில் 22 பேருக்கு. அது வெளிர்நிறத் தோலினரின் ஊர், எண்ணிக்கையும் சின்னது. அப்படியே நமக்குப் பொருத்தக் கூடாது. இருந்தாலும் 5ஆவது பதிலில் சொன்ன சங்கிலியை முதல் கண்ணியிலேயே அறுப்பதற்கு நிழலும் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் யாருக்கும் கெடுதல் செய்யாது.

17. என் புராஜெக்ட்ல பி16 எம்ஆர்என்ஏ நார்மல், புரதம் மட்டும் குறைவா வருது. கைடு "டேட்டா தப்பு"ங்கிறார். தப்பாத்தான் இருக்கணுமா?

முதலில் புரதத்தை அளக்கப் பயன்படுத்திய ஆன்டிபாடியைச் சந்தேகப்படு, அப்புறம் மாதிரியை. மறுபடி செய்தும் அதே வந்தால் டேட்டாவை நம்பு. எம்ஆர்என்ஏவின் அளவும் புரதத்தின் அளவும் ஒன்றாகவே ஏறி இறங்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. படிக்கும் கட்டத்தில் தடை இருந்தால் நகல் கொட்டிக் கிடந்தும் புரதம் வராது. புரதம் உருவானதும் சிதைக்கப்பட்டாலும் இதே படம்தான் தெரியும். உன் செல்வரிசையில் தொடக்க இடத்துக்கு முந்தைய பகுதியை வாசித்துப் பார்த்தாயா? 7ஆவது பதிலில் வரும் கனடாக் குடும்பங்களின் மாற்றம் இருந்தால் சரியாக இப்படித்தான் தெரியும். அங்கே எதுவும் இல்லை என்றால் புரதத்தைச் சிதைக்கும் புரோட்டியசோமைத் தடுக்கும் மருந்தை நாலு மணி நேரம் போட்டு, பி16 ஏறுகிறதா என்று பார். ஏறினால் சிக்கல் நகலில் இல்லை, அதற்குப் பிறகு. ஏறாவிட்டால் ரைபோசோம்கள் அந்த நகலில் எத்தனை உட்கார்ந்திருக்கின்றன என்று பார்க்க பாலிசோம் பிரித்தெடுப்பு செய்ய வேண்டும். அதற்கு அதிவேக மையவிலக்கி தேவை. உங்கள் துறையில் இல்லையென்றால் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் நேரம் கேட்டு வாங்கச் சொல்லி கைடிடமே கேள்.